நீலம்

உள்ளங்கைக்குள் அடங்கும் கல்.
ஒரு முகம் சொரசொரப்பு,
மறுமுகம் நாய்க்குட்டியின் மூக்கு.
காரைக்குடியில் வாங்கியபோது புதுச் சோப்புக்கட்டி;
இப்போது மூன்று வாரம் குளித்த சோப்பு.

கோடாலியை நான் அசைப்பதில்லை.
காம்பைத் தொடையிடுக்கில் நிறுத்தி
கல்லைத்தான் சுற்றுகிறேன்,
தோசை இழுப்பதுபோல
சின்னச் சின்ன வட்டம்.
தண்ணீர் தீர்ந்தால் எச்சில்.

போன வியாழக்கிழமை அவசரப்பட்டேன்.
கண்மாயை ஏலம் எடுத்தவர்
டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார்.
பாண்டியம்மாவின் விறகுக் குவியல்
என் தலைக்கு மேலே ஏறிவிட்டது.
வெல்டிங் பட்டறைப் பையனிடம்
நாற்பது ரூபாயும் கோடாலியும் நீட்டினேன்.
மூன்று நிமிடம் பொறி பறந்தது.
விளிம்பில் நீலம் பூத்திருந்தது,
அசல் சங்குப்பூ.
அழகாயிருக்கிறதே என்று
அவனுக்கு ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் வெட்டில்
சீமைக்கருவேலம்
கோடாலியைத் திருப்பித் தந்தது.
வாய் மடங்கியிருந்தது,
டப்பா மூடிபோல.

'சூடு கண்டா இரும்பு செத்துப்போகும்,
தெரியாதாக்கும்?' என்றாள் பாண்டியம்மா.
தெரியும்.
தெரிந்துதான் கொடுத்தேன்.

நீலம் முழுக்கப் போகவேண்டும்.
அதற்குக் கீழேதான் உயிருள்ள இரும்பு.
நீலத்தின் அகலம் இரண்டு நெல்.
வெள்ளி தேய்த்தேன். சனியும் தேய்த்தேன்.
கூலியில்லாத இரண்டு நாள்,
கல்லுக்கும் எனக்கும்.

ஆத்தங்குடிக்குத் தளக்கல் பார்க்கப் போன வேன்
புழுதியோடு வந்து நின்றது.
'கோடாலியைத் தூக்கிப் பிடிங்கக்கா, ஒரே ஒரு போட்டோ.'
தூக்கவில்லை.
ஈரம் காய்வதற்குள் பத்து வட்டம் பாக்கியிருந்தது.
கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கல்லிலிருந்து சாம்பல்நிறச் சேறு வழிந்தது.
அதில் எது இரும்பு, எது கல்,
எது என் தோல் என்று
பிரித்துச் சொல்ல ஆளில்லை.
சாயங்காலம் ரேஷன் கடையில்
கட்டைவிரலை வைத்தேன்.
துடைத்து வைத்தேன்.
தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைத்தேன்.
மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை.
'நீங்க நீங்கதானா?' என்றார் கடைக்காரர்.
அடுத்த விரலுக்கு அரிசி கிடைத்தது.

ஒரு பக்கம் தேயத் தேய
மறுபக்கம் பிசிறு எழும்.
கண்ணுக்குத் தெரியாது.
விரலைக் குறுக்கே இழுத்தால்
பூனை நாக்கு.
நுனியிலிருந்து அடிவரை
அந்த நாக்கு விட்டுப்போகாமல் இருந்தால்தான்
கல்லைப் புரட்டவேண்டும்.
ஞாயிறு இருட்டுகிற நேரத்தில்
மெஷினுக்குப் பிடிக்காத அதே கட்டைவிரல்
அதைக் கண்டுபிடித்தது.
கல்லைப் புரட்டி,
வழவழப்பான பக்கத்தில்
மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிற மாதிரி
இருபது வட்டம்.
முழங்கை மயிரில் வைத்துப் பார்த்தேன்.
வழித்த இடம் இன்னும் வளரவில்லை.

திங்களன்று முதல் சில்லு
கண்மாய்க்கரை தாண்டி விழுந்தது.
நாலு மரம் சாய்ந்தபின்
பாண்டியம்மா வந்து நின்றாள்,
தன் கோடாலியைப் பின்னால் மறைத்துக்கொண்டு.
அதிலும் சங்குப்பூ.

'கல்லக் குடு.'

'நாற்பது ரூபா' என்றேன்.
'அப்புறம் ஒரு வடை.'