தொண்ணூறு விநாடி

மஸ்கெலியா, காலை ஐந்தே முக்கால்.
தோட்டத்து ஆபீசில் கணினியைப் போட்டால்
பெரட்டுக்குப் பேர் பதிகிற திரை வர
இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி.
அதற்குள் ரெஜினா தேத்தண்ணி குடித்து
கோப்பையையும் கழுவிவிடுவாள்.

இன்று கேட்டேவிட்டேன்,
யாரால் இந்தத் தாமதம் என்று.
லினக்ஸ் ஒளிக்காது. ஒரே கட்டளை,
மொத்தப் பேரும் நேரத்தோடு இறங்கினார்கள்,
சோம்பேறி முதலில்.

நெட்வொர்க் வந்தால்தான் ஆச்சு என்றது ஒன்று.
டவர் மழையில் விழுந்து நாலு நாள்.
விற்றுவிட்ட பிரிண்டரை
இன்னும் தேடியது மற்றொன்று.

தொண்ணூறு விநாடியைத் தின்றது
இல்லாத ஒரு டிஸ்க்.
மாசியில் நானே கழற்றி
ஹட்டனுக்குக் கொடுத்துவிட்டது.
பேர் மட்டும் ஒரு கோப்பில், ஒரு வரியாக.
பெரட்டில் பேர் கூப்பிட்டு,
பதில் வராமல்,
அடுத்த பேருக்கும் போகாமல்
பனிக்குள் குறுக்குப் பாதையையே
பார்த்து நிற்பதுபோல
தினமும் நின்றிருக்கிறது.

அந்த வரியின் தலையில் ஒரு ஹாஷ் குறி வைத்தேன்.
அழிக்க மனம் வரவில்லை.
மற்ற இரண்டையும் யோசிக்காமல் நிறுத்தினேன்.

இருபத்தேழு விநாடி.

ரெஜினா திரையைப் பார்த்தாள்,
ஆவி பறக்கும் கோப்பையைப் பார்த்தாள்.
"நல்லாத்தான் செஞ்சீங்க.
இனி நான் எப்பங்க தேத்தண்ணி குடிக்கிறது?"