பதினேழாவது தலை

நோயாளிகளுக்குப் போக மிச்சமிருக்கும் காந்தம்
ஞாயிறு இரவு எட்டரைக்குமேல் எனக்கு.
தவறவிட்டால் அடுத்த முறை இருபது நாள் கழித்து.

படிவத்தில் முதலில் மனச்சோர்வு என்று எழுதியிருந்தேன்.
அது நோயின் பெயர் என்று குழு திருப்பி அனுப்பியது.
மன அயர்ச்சி என்று மாற்றினேன்.
பதினாறு பேர் படித்தார்கள், பதினாறு பேரும்
அப்படின்னா? என்று கேட்டார்கள்.
பதினேழாவதாக வந்த கஜலட்சுமி
நின்றபடியே முழுதும் படித்துவிட்டு
"அசதிதானே, அத்த எழுதறதுக்கு இன்னா?" என்றாள்.

ராணிப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ்.
ஷூ கம்பெனியில் கடைசி மேசை அவளுடையது.
நாளைக்கு எண்ணூறு ஜோடி:
தையல் தப்பியது, பசை வழிந்தது,
இடதும் இடதுமாய்ச் சேர்ந்துவிட்டது.
ஒன்று கண்ணுக்குத் தப்பினால்
கடல் தாண்டி ஒரு கடிதம் வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள்.

இரும்பு எதுவும் கூடாது என்றேன்.
சரடு இருக்கட்டும், அதில் கோத்திருந்த ஐந்து ஊக்குகளை
ஒவ்வொன்றாக எடுத்தாள். கொண்டையிலிருந்து ஒன்பது பின்.
மெட்டிதான் வரவில்லை.
கழிவறைக் குழாயடியில் சோப்பு நுரைத்து
இருவருமாகக் குனிந்து இழுத்தோம்.
கழன்ற இடத்தில்
வெயில் பார்க்காத ஒரு வளையம்.

வேலை எளிது.
திரையில் எண்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் அழுத்து,
மூன்று வந்தால் மட்டும் அழுத்தாதே.
ஐம்பது நிமிடம்.
யாரையும் சலிக்கவைக்கும், அதற்காகவே செய்தது.
முப்பதாவது நிமிடத்தில் விரல் தானாக ஓடும்,
அழுத்திய பிறகுதான் அது மூன்று என்று தெரியும்,
நெற்றிக்குப் பின்னால் ரத்தம் மெல்ல வடியும்.
பதினாறு தலைகள் அப்படித்தான் சொல்லின.

வெளியே சித்திரை.
லாட்ஜ் வாசல்களில் வங்காளத்தில் பேசிக்கொண்டு
காலை டோக்கனுக்காகக் காத்திருக்கிறார்கள்.
உள்ளே பதினெட்டு டிகிரி.
இயந்திரம், வாடகை வராத வீட்டுக்காரன் மாதிரி
கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நான் தூங்கிப்போனேன்.

பேனா விழுந்த சத்தத்தில் விழித்தபோது
குறிப்பேட்டில் முப்பத்தொன்பதாவது நிமிடத்துக்கும்
நாற்பத்து மூன்றாவது நிமிடத்துக்கும் நடுவே
ஒரு கோடு. என் கையெழுத்துதான்,
எழுத்தாக ஆகாமல் விட்டிருந்தது.
பயந்தால் அழுத்தச் சொல்லி
அவள் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தேன்.
அழுத்தியிருந்தால் மணி அடித்திருக்கும்,
அடித்திருந்தால் எழுந்திருப்பேன்.
இதை இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

மேசை வெளியே நகர்ந்து வந்தது.
"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"
ஊரிலிருந்து சீக்கிரம் திரும்ப வேண்டியவள் குரல்.
"யாரும் கூப்புடல. புள்ள அழல. லைன் ஓடல.
ஒரே ஒரு நம்பர பாத்துக்கோன்னா
அது ஒரு வேலையா?"

முதல் பத்து நிமிடத்தில் நான்கு பிழை.
கடைசிப் பத்தில் ஒன்றுமில்லை.
என் வரைபடத்தில் பதினாறு கோடுகள் இறங்க
ஒன்று மட்டும் மாடி ஏறிக்கொண்டிருக்கிறது.
விலகல், எடுத்துவிடுங்கள் என்றார் வழிகாட்டி.
அவர் மேல் குற்றமில்லை, அதற்கென்று விதி இருக்கிறது.
வயது கேட்டேன், படிப்பு கேட்டேன்,
எந்தக் கை என்றுகூடக் கேட்டேன்.
வரும்போதே எவ்வளவு அசதி
என்பதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

அன்றிரவு முந்நூறு ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
அடுத்த ஞாயிறும் வரட்டுமா என்றாள். துட்டு வேணாம்.
ஒருவர் ஒருமுறைதான் என்றேன்.
பஸ் கிரீன் சர்க்கிள் பக்கம் திரும்பும் முன்பே
அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது.

திரும்பி வந்து பார்த்தால்
மருந்துக் கிண்ணத்தில் ஓர் ஊக்கு.
அதை அவளுடைய தாள்களில் குத்தி
கோப்புக்குள் வைத்திருக்கிறேன்.
இனி அந்தக் கோப்பைக்
காந்த அறைக்குள் எடுத்துப் போக முடியாது.