இஞ்சின் சூடு

குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது
பதினாறு வருடமாக நான் திரும்பிய வளைவு ஒன்று
இடமா வலமா என்று
மறந்துபோனது.

ஒரு நொடிதான்.
கால் தானாகப் பிரேக்கில் போய் நின்றது.
ஐம்பத்திரண்டு பேர்,
இரண்டு மூட்டை வெங்காயம்,
யாரோ மடியில் வைத்திருந்த ஆர்மோனியப் பெட்டி.
யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பெள்ளிராஜுக்குத் தெரிந்தது.
கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான்.
விசில் ஊதவில்லை. இறங்கிப் போய்ப்
பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்துவிட்டு
ஜன்னல் ஜன்னலாகச் சொல்லிக்கொண்டு வந்தான்:
"இஞ்சின் சூடு. கால் மணி நேரம் ஆகும்."

அந்தப் பொய்யின் நிழலில்
ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.
கை நடுங்கியது. மறைக்க
இன்னொரு கையால் பிடித்தேன்.
அதுவும் நடுங்கியது.

*

டாக்டர் பத்து நாள் எழுதிக்கொடுத்தார்.
காய்ச்சலா என்றார்கள் டிப்போவில். இல்லை.
முதுகா? இல்லை.
பிறகு என்னதான்?
ரத்தம் வரும் இடம் இருந்தால்
சட்டையைத் தூக்கிக் காட்டியிருப்பேன்.

அரவேனு வீட்டில்
மூன்று நாள் தூங்கினேன்.
தூக்கத்தில் என் இடது கால்
கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்ததாம்.
மங்களேஸ்வரி ஒரு தலையணையை
அந்தக் காலுக்கு அடியில் செருகிவிட்டுக்
கொழுந்தெடுக்கப் போனாள்.

நாலாம் நாள் குற்ற உணர்ச்சி வந்தது,
வட்டிக்காரன் மாதிரி, சரியாகப் பத்து மணிக்கு.
அவள் மழையில், நீ போர்வைக்குள்ளா என்றது.
நான் பதில் சொல்லவில்லை.
உட்காரச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
மழை விட்டதும் போனது.

மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்:
கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது,
முகம் வெந்துபோகும்.
பச்சைத் தண்ணீரைக் கொட்டவும் கூடாது,
இஞ்சின் வெடிப்பு விட்டுவிடும்.
ஓரம் கட்டி
பானெட்டைத் தூக்கிவிட்டு
காற்றுப் பட விட வேண்டும்.
எத்தனை லாரிக்காரனுக்கு
நானே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் சொல்லாமல் விட்டது எந்த இடத்தில்?
போன ஐப்பசியில் மண் சரிந்த அந்த இரவா?
அதற்கும் முன்பு, தங்கையின் கடனுக்காக
இரட்டை டூட்டி பார்த்த ஆறு மாதமா?
தெரியவில்லை.
மூடி இன்னும் சுடுகிறது.
துணியைச் சுற்றிக் கால் சுற்று திறந்து
ஆவியைக் கொஞ்சம் போக விட்டு
திரும்ப மூடிவிடுகிறேன்.
நாளைக்கும் ஒரு கால் சுற்று.

வெளியே மூடுபனி
தேயிலை மேல் வந்து படுத்திருக்கிறது.
அதனிடம் யாரும் லீவு லெட்டர் கேட்பதில்லை.

*

எட்டாம் நாள் பெள்ளிராஜ் வந்தான்,
பை நிறைய அவன் ஹட்டியில் விளைந்த பட்டாணியோடு.
எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.
சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.
சீனி அதிகம். அதையும் அவன் சொல்லவில்லை.
உட்கார்ந்து பட்டாணி உரித்தோம்.
கீழே சாலையில் நம்ம வண்டி
வேறு யாரோ கியர் மாற்றும் சத்தத்தில் ஏறிப் போனது.
"செகண்டைச் சீக்கிரம் போட்டுட்டான்" என்றேன்.
சிரித்தான்.

"சூடு தணிஞ்சுதா?"

பானெட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல
நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்.
அன்னிக்கு யாரும் இறங்கிப் போகல, தெரியுமா?
அந்த ஆர்மோனியக்காரர்
பெட்டியைத் திறந்து வாசிக்கவே ஆரம்பிச்சிட்டார்."

எனக்குத் தெரியாது.
பலாமரத்தடியில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"என்ன வாசிச்சார்?"

"என்னமோ.
கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."