முப்பத்தொன்று வரை

வால்பராய்சோவில் மழை சாய்ந்தே பெய்கிறது.
மகப்பேறு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
ஆறிப்போன தேநீர்,
ரோசாவுராவின் திரையில் ஒற்றை வினவல்:
ஆகஸ்ட் ஒன்று முதல்
ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை
பிறந்தவர்கள் எல்லோரையும் கொடு.

கொடுத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பால்மாவுப் பட்டியல் அச்சாகிக் கீழே போனது.

மூன்று நாள் கழித்து
மார்பில் கட்டிய குழந்தையோடு யெசெனியா வந்தாள்.
"முப்பத்தொன்றாம் தேதி, மாலை நாலேகால்.
மின்தூக்கி நின்றுபோயிருந்தது.
நீங்களே சொல்லுங்கள்,
இவன் பிறக்கவில்லையா?"
அவன் கொட்டாவி விட்டான்.

நமக்கு முப்பத்தொன்று என்றால் ஒரு முழு நாள்:
ரொட்டி வாங்கி, பேருந்தைத் தவறவிட்டு,
சண்டைபோட்டு, சமாதானமாகித் தூங்குவது.
இயந்திரத்துக்கு அது ஒரு புள்ளி.
நேரம் சொல்லாத தேதிக்கு
அதுவே போட்டுக்கொள்ளும்
பூஜ்யம் பூஜ்யம், பூஜ்யம் பூஜ்யம்.
வாசற்படியில் கால் வைத்ததுமே
வீடு முடிந்தது என்கிறது.
நள்ளிரவில் மணியடிக்கப் பிறந்திருந்தால்
பட்டியலில் இருந்திருப்பான்;
பதினாறேகால் மணி நேரம் பிந்திவிட்டான்.
அவனோடு இன்னும் எட்டுப் பேர்,
கணுக்காலில் பெயர்ப்பட்டையோடு.

வரை என்ற சொல் இருக்கிறதே,
கோடு போடும், மலையாகவும் நிற்கும்,
நாம் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லாது.
ரோசாவுரா அதை அழித்தாள்.
செப்டம்பர் ஒன்றுக்கு முன்னால் என்று எழுதினாள்.
முடிவைச் சொல்லாமல்
அடுத்ததன் தொடக்கத்தைச் சொன்னால் போதும்,
இடையில் யாரும் விழமாட்டார்கள்.
இருநூற்று இருபத்தொன்று.
யெசெனியாவின் பால்டப்பாக்களைத் தானே சுமந்து
படியிறங்கினாள்.

நிம்மதி ஒரு வாரம்தான்.
பிறகு அந்தச் சனிக்கிழமை,
நாடே கடிகாரத்தை முன்தள்ளும் இரவு.
பன்னிரண்டு அடிக்க வேண்டிய இடத்தில் ஒன்று அடிக்கும்.
ஞாயிறு தலையில்லாமல் பிறக்கும்.
பிரசவ அறைச் சுவர்க்கடிகாரத்தை யாரும் தொடவில்லை.
செவிலி நோல்பெர்த்தா பேரேட்டில் எழுதியிருந்தாள்:
ஞாயிறு, 00:20. பெண். மூன்று கிலோ நூறு.

அப்படி ஒரு நேரமே இல்லை என்றது திரை, சிவப்பில்.

தொலைபேசியின் மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம்.
"இல்லாத நேரமா?" என்றாள் நோல்பெர்த்தா.
"அப்போதுதான் அழுதாள்.
உன் மாடிக்கே கேட்டிருக்கும், நீ இருந்திருந்தால்."

ரோசாவுரா 01:20 என்று பதிந்தாள். ஏற்றுக்கொண்டது.
குறிப்பு என்றிருக்கும்,
எந்த வினவலும் எட்டிப் பார்க்காத கட்டத்தில்
எழுதினாள்:
சத்தமாக அழுதாள்.