சாய்வு

அளவை அடிக்கணக்கில் சொன்னார்கள்;
மீட்டருக்கு மாற்றிக்கொண்டேன்.
தலைமாடு உயரமாகவா என்றேன்.
கால்மாடு என்றான் மொழிபெயர்ப்பவன்,
என் முகம் பாராமல்.

வில்னியஸுக்கு வெளியே, பிர்ச் மரங்களுக்குள்
பழைய குதிரை லாயம்.
ஜன்னல்களை அடைத்ததும் நான்தான்.
கூலி டாலரில்.
மகள் ஷிவிலேயின் பல்கம்பிக்கு ஆயிற்று.

இன்று தொலைக்காட்சியில் டை கட்டிய இருவர்.
சித்திரவதை என்கிறார் ஒருவர்.
தீவிர விசாரணை என்று திருத்துகிறார் மற்றவர்.
எத்தனை வினாடி, எத்தனை குவளை,
அதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்று
பேரம் படியாமல் போகிறது.

சாய்வு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.
இருபத்தெட்டு சென்டிமீட்டர்.

வார் கோக்க ஆறு துளை.
ஒவ்வொன்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்,
படுப்பவருக்குச்
சிராய் ஏறிவிடக் கூடாதே என்று.