எண்பது பைசா

பதினான்கு பக்கம்.
ஞானஒளிவுபுரம் ஜெராக்ஸ் கடையில்
பக்கத்துக்கு மூன்று ரூபாய் கொடுத்து எடுத்துவந்தேன்.
போனில் படித்தால்
விரல் தானாகக் கடைசிக்கு இறங்கிவிடுகிறது,
கையெழுத்துக் கட்டம் மஞ்சளாகக் காத்திருக்கும் இடத்துக்கு.

போன தடவை அப்படித்தான் இறங்கினேன்.
பதினோராயிரத்து நானூறு ரூபாய்
இன்னும் ஹைதராபாத்தில் இருக்கிறது.
சௌக்கியமாக இருக்கும்.

இது பெங்களூர் ஏஜென்சி.
வாஷிங் மெஷின் கையேடு,
குக்கர் எச்சரிக்கை,
மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்த
காகிதத்தின் பொடி எழுத்து.
தமிழாக்கினால் சொல்லுக்கு எண்பது பைசா.
திங்கட்கிழமை முதல் கோப்பு வரும்.
அதற்குள் கையெழுத்து வேண்டும்.

முதல் வரியில் ஒரே ஒரு தடவை
ச. ரெஜினா.
அதோடு சரி.
அப்புறம் பதினான்கு பக்கமும் நான்
"மொழிபெயர்ப்பாளர்".

எனக்குப் படிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான்.
பென்சில் எடுத்து
ஓரத்தில் தமிழில் எழுத ஆரம்பித்தேன்.

இரண்டாம் ஷரத்திலேயே பென்சில் நின்றது.
ஆங்கிலத்தில் அது இரண்டே எழுத்து,
யார் வேண்டுமானாலும் உள்ளே உட்காரலாம்.
தமிழ் வாசலிலேயே மறித்துக் கேட்கிறது:
நாமா? நாங்களா?

தாமதத்துக்குப் பொறுப்பல்ல, நாங்கள்.
விரும்பினால் நிறுத்திக்கொள்வோம், நாங்கள்.
எத்தனை முறை திருத்தச் சொன்னாலும்
கூடுதல் தொகை தரமாட்டோம், நாங்கள்.
ஒன்பதாம் பக்கம் வரை தேடி
ஒரே ஒரு "நாம்" கிடைத்தது:
இதைப் பற்றி வெளியே யாரிடமும்
நாம் பேசக்கூடாதாம்.

சம்பளம் அவர்களுடைய வாடிக்கையாளர் கொடுத்து
அறுபது நாள் கழித்து.
கொடுக்காவிட்டால்?
அந்தப் பக்கத்தில் இல்லை.
புரட்டினேன், அடுத்ததிலும் இல்லை.
வீட்டுக்காரர் பிரிட்டோவிடம்
ஐந்தாம் தேதி இதைச் சொல்லிப் பார்க்கலாம்:
என் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர்
மனம் வைத்த அறுபதாம் நாள், சார்.

நான் எழுதும் ஒவ்வொரு வரியும்
காலம் உள்ளவரை அவர்களுக்கே சொந்தம்,
பிரபஞ்சம் முழுவதும்.
ஆமாம், பிரபஞ்சம் என்றுதான் போட்டிருக்கிறது.
'மூன்று விசிலுக்குப் பின் மூடியைத் திறக்க வேண்டாம்'
செவ்வாய்க் கிரகத்திலும் என்னுடையதில்லை.

வழக்கென்றால் பெங்களூர் நீதிமன்றம்.
வெளியூர்க்காரி வந்து நியாயம் கேட்ட ஊர் இது.
இங்கிருந்து நான் ராத்திரி ரயில் ஏற வேண்டும்,
எண்பது பைசாவுக்கு.

கரண்ட் போயிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து
கணக்குப் போட்டேன்:
ஒப்பந்தம் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சொல்.
இதையே தமிழாக்கிக் கொடுத்தால்
ஐயாயிரத்து நூற்று இருபத்தொன்பது ரூபாய் அறுபது பைசா.
படிப்பதற்கு யாரும் எதுவும் தருவதில்லை.

தீபலட்சுமி போன் செய்தாள், கோஆர்டினேட்டர்,
ஓசூர்ப் பெண், இனிமையான குரல்.
"நம்ம ஸ்டாண்டர்டு ஃபார்மட்தான் மேடம்,
நம்ம ஆளுங்க எல்லாருமே போட்டுட்டாங்க."
ஒரே மூச்சில் இரண்டு நம்ம.
அவளும் எங்கேயோ கையெழுத்துப் போட்டவள்தான்.
அவளுடைய தாளிலும் 'நாங்கள்'தான் இருக்கும்,
அதற்குள் அவளும் இருக்கமாட்டாள்.
"மூணு இடத்துல திருத்தம் அனுப்புறேன்" என்றேன்.
கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும்.
"அனுப்புங்க மேடம்," என்றாள்,
குரல் தணிந்து,
"யாரும் கேக்கிறதில்ல."

சனிக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது.
அறுபது நாற்பத்தைந்தாகியிருந்தது.
நீதிமன்றம் நகரவில்லை.
பிரபஞ்சத்தை நான் கேட்கவே இல்லை,
வைத்துக்கொள்ளட்டும்.

ஏழாவது ஷரத்தின் கடைசியில் மட்டும்
நான் எழுதி அனுப்பியது அப்படியே நின்றது:
வாடிக்கையாளர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

கையெழுத்துப் போட்டேன்.

ஆங்கிலத்தில் அது ஆறு சொல்.
நாலு ரூபாய் எண்பது பைசா.
பில் போடவில்லை.