மூன்று விரல் ரொட்டி

பியாஸ் ஆறு படுகையை மாற்றிக்கொண்டு
இரண்டு கல் தள்ளிப் போய்விட்டது.
அவள் குதிரையோடு இறங்கிய துறையில்
இப்போது கோதுமை.

மாயி ரல்லோவைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு.
டிராக்டர்காரர் குர்முக் எழுபது தலை என்பார்,
அவர் மைத்துனர் நூறுக்குக் கீழே இறங்கமாட்டார்.
ஈட்டி கண்ணாடிப் பெட்டிக்குள்.
வியாழக்கிழமைகளில் எண்ணெய் பூசுவது என் முறை.
நுனி வளைந்திருக்கிறது;
எதில் பட்டு வளைந்ததென்று
யாரும் சொன்னதில்லை.

எனக்குத் தெரிந்தது லங்கரின் ரொட்டிக்கல்தான்.
சண்டை ஓய்ந்த அந்தியில்
தலைப்பாகையைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு
மாவு பிசைய உட்கார்ந்தாளாம்.
வலக்கையில் மூன்று விரலே மிச்சம்.
போய்ப் படுத்துக்கொள் என்றார்கள்.
பசியோடு எவன் படுப்பான்
என்றாளாம், தலை நிமிராமல்.

பிறகு முப்பது வருடம்.
ஈட்டியைத் தொடவில்லை,
நீல உடுப்பைக் கழற்றவுமில்லை.
அவள் தட்டிய ரொட்டியிலெல்லாம்
மூன்று பள்ளம்.

இன்றும் இங்கே அப்படித்தான்.
ஐந்து விரலும் உள்ள நான்
இரண்டை மடக்கிக்கொண்டு தட்டுகிறேன்.
நூறு ரொட்டி தாண்டினால்
மடக்கிய இரண்டும்தான் வலிக்கின்றன,
வேலை செய்த மூன்றும் அல்ல.

அது ஏனென்று
அவளைக் கேட்கலாம்.
அதற்குள்
பந்தியில் ஆள் உட்கார்ந்தாயிற்று.